ஆழ்கடல் கூடத்து வயர்மேன்

வயர்மேனை வேலைக்கு எடுத்தது விளக்குப் போடுவதற்காகத்தான். இதில் அலுவலகத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. யாரும் விளக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை என்று அப்புறம் எப்படி ஆயிற்று என்பதைத்தான் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கேட்டால், "அதெல்லாம் கொள்கை முடிவுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

தொல்லுயிர்க் காட்சியகத்தில் புதிதாக ஆழ்கடல் கூடம் என்று ஒன்று கட்டியிருந்தார்கள். எங்கோ மலைச்சரிவில் சாலைக்காகத் தோண்டியபோது பெரிய பெரிய சுண்ணாம்புக் கற்கள் கிடைத்தன. அவற்றுக்குள்ளே உள்ளங்கை அகலச் சிப்பிகள், கொத்துக் கொத்தாக, வாயை இறுக மூடிக்கொண்டு கல்லாகிக் கிடந்தன. அந்த மலை ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததாம். வெயிலே எட்டாத ஆழத்தில், தரை வெடிப்பிலிருந்து மீத்தேன் வாயு கசிகிற இடத்தைச் சுற்றி இந்தச் சிப்பிகள் கூட்டமாகக் குந்தியிருந்தனவாம். அந்த வாயுவைச் சாப்பாடாக மாற்றித் தருகிற நுண்ணுயிர்களைத் தம் உடம்புக்குள்ளேயே குடிவைத்துக்கொண்டு, சூரியன் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் காலத்தை ஓட்டினவாம். வயர்மேனுக்கு இதைக் கேட்டபோது ஆச்சரியமாகத்தான் இருந்தது. குடிவந்தவன் கையாலேயே சாப்பாட்டையும் வாங்கிக்கொள்கிற சாமர்த்தியம் தன் வீட்டுக்காரருக்குக்கூட இல்லையே என்று நினைத்துக்கொண்டார்.

கண்ணாடிப் பெட்டிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன விளக்குகள், ஒயர் வெளியே தெரியாமல், மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செய்திருந்தார். வேலை முடிந்ததும் இயக்குநரைக் கூப்பிட்டுச் சுவிட்சைப் போட்டார். சிப்பிகளின் வரி வரியான முதுகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பளிச்சென்று தெரிந்தன. வயர்மேனுக்கே கண் நிறைந்துவிட்டது.

"அணை! முதல்ல அணைய்யா!" என்று கத்தினார் இயக்குநர்.

வயர்மேன் பதறிப்போய் அணைத்தார். எங்கோ ஷாக் அடித்துவிட்டது என்றுதான் நினைத்தார். "சார், எங்க சார் அடிச்சுது?"

"என்னை இல்லய்யா, அதுங்களை." இயக்குநர் கையை நீட்டிக் காட்டியிருக்க வேண்டும், இருட்டில் சட்டை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. "வெயிலையே பார்க்காத உயிருங்க. கோடிக்கணக்கான வருஷமா இருட்டுல இருந்த உயிருங்க. அது மூஞ்சியில பல்பைக் கொண்டுபோய் வெக்கிறியே, உனக்கு மனசு வருதா?"

"சார், அதுங்க செத்துக் கல்லாயிடுச்சே சார்."

"செத்தவங்களுக்கு மரியாதை கிடையாதா?"

வயர்மேன் தலையைச் சொறிந்தார். மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது. 'சூழல் நேர்மைக் கொள்கை' என்று அதற்குப் பெயர். ஒவ்வோர் உயிரும் தான் வாழ்ந்த நிலையிலேயே காட்சிக்கு வைக்கப்பட வேண்டும். ஆழ்கடல் உயிர்கள் இருட்டில் வாழ்ந்தவையாதலால் ஆழ்கடல் கூடம் இருட்டாகவே இருக்கும். இதைக் கண்காணிக்கத் தகுதியானவர் மின்சாரம் தெரிந்தவர்தான் என்பதால், வயர்மேன் கூடத்து வாசலில் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். உட்கார்ந்தார். வேறு என்ன செய்ய?

அவர் கவலை வேறு. வேலை தற்காலிகம். ஆழ்கடல் கூடத்தின் விளக்குகள் மேலிடத்திலிருந்து வரும் தகுதியுள்ள அதிகாரி முன்னிலையில் எரிந்து காட்டினால்தான் பணி முடிந்ததாகக் கணக்கு. அப்போதுதான் அவர் நிரந்தரம். நிரந்தரமானால் மருத்துவ அட்டை. அட்டை வந்தால் மனைவிக்கு ஆபரேஷன். மனைவியின் பித்தப்பையில் கல். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். முதுகில் ஏறித் தோள்பட்டை வரைக்கும் இழுக்கும். சுவரில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். பையை எடுத்தால்தான் தீரும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. விளக்கு எரிந்தால் அவளுக்கு வலி தீரும். அந்த விளக்கு எரியாமல் காவல் காப்பது அவள் புருஷன்.

"இன்னிக்காவது போட்டாங்களா?" என்று தினமும் கேட்பாள்.

"இன்னிக்கும் நான் போட விடல" என்பார் வயர்மேன்.

"நல்ல உத்தியோகம் போங்க."

கூடத்துக்கு ஆட்கள் வரத்தான் செய்தார்கள். உள்ளே நுழைந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். அதனால் கயிறு கட்டினார்கள். கயிறு தடுக்கி விழுந்தார்கள். 'கயிறு உள்ளது, கவனம்' என்று பலகை எழுதி மாட்டினார்கள். பலகையும் இருட்டுக்குள்தான் இருந்தது. 'ஒன்றும் தெரியவில்லை' என்று கருத்துப் புத்தகத்தில் ஒருவர் எழுதியிருந்தார். இயக்குநர் அதன் கீழே பச்சை மையில், 'மிகச் சரியான அனுபவம். பக்கத்துச் சிப்பிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்' என்று எழுதி ஒப்பமிட்டார்.

வெயில் ஏற ஏற வேறு ஒரு விஷயம் நடந்தது. ஊரிலேயே குளிர்ச்சியும் இருட்டும் சேர்ந்த இடம் இது ஒன்றுதான் என்று ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆட்டோ ஓட்டுநர்கள், அலைந்து களைத்த மருந்துக் கம்பெனி விற்பனையாளர்கள், பக்கத்து வங்கிக் காவலாளி என்று மத்தியானம் ஆனால் கூட்டம் தாங்காது. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கால் நீட்டிப் படுத்துவிடுவார்கள். குறட்டைச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்கும். நாட்டிலேயே அதிகப் பார்வையாளர்கள் அதிக நேரம் செலவிடுகிற கூடம் இதுதான் என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. இதைப் பார்த்து அசந்துபோன துறைச் செயலாளர், தாமே நேரில் வருவதாகச் சொல்லியனுப்பினார்.

காட்சியகமே ஆட்டம் கண்டுவிட்டது. இயக்குநர் ஊழியர்களை எல்லாம் ஆழ்கடல் கூடத்தில் நிற்க வைத்து மைக்கைப் பிடித்தார்.

"இந்தச் சிப்பியைப் பாருங்கள். பார்க்க முடியாது, மனத்தில் பாருங்கள். இது வெயில் கேட்டதா? காற்று கேட்டதா? பதவி உயர்வு கேட்டதா? கீழே கசிந்ததை வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தது! அசையவில்லை! நானும் இந்த நாற்காலிக்கு வந்த நாள்முதல் அசையவில்லை. மேலிடத்திலிருந்து ஏதோ கசிகிறது, நாமும் பிழைக்கிறோம். யாரையாவது குறை சொல்கிறோமா? வாயைத் திறக்கிறோமா? சிப்பியைப் போல இறுக மூடிக்கொண்டிருக்கிறோம். அதுதான் நிர்வாகம்!"

"கசிவு நின்னுட்டா சிப்பி என்ன சார் பண்ணும்?" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"காத்திருக்கும்."

"செத்துப்போயிடும் சார்" என்றார் காப்பாட்சியர் அம்மையார், வாய் தவறி. கூடத்துச் சிப்பிகளுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான்; படித்தவர்.

"அதுவும் ஒருவகைக் காத்திருப்புதான்" என்றார் இயக்குநர். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாதவர் யார் என்று இருட்டில் தெரியாவிட்டாலும் வம்பு எதற்கு என்று வயர்மேனும் தட்டினார்.

அடுத்து நிர்வாக அதிகாரியிடமிருந்து ஓர் ஆணை: செயலாளர் வருகையை முன்னிட்டுக் காட்சிப் பொருள்கள் அனைத்தும் பளிச்சென்று இருத்தல் வேண்டும். "இருட்டுல பளிச்சுன்னு இருந்தா என்ன, இல்லாட்டி என்னங்க?" என்று கேட்டாள் துப்புரவு அக்கா. ஆணை ஆணைதான். கல்லை ஒட்டிய மண்ணையும் பிசிறையும் நீக்கிச் சிப்பியை மட்டும் எடுப்பாகக் காட்ட, காப்பாட்சியர் அம்மையாரிடம் சொந்த முறை ஒன்று இருந்தது. அதைப் பற்றித்தான் அவர் ஆராய்ச்சியே செய்து பட்டம் வாங்கியிருந்தார். கல்லை அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்து போகும், சிப்பி மட்டும் அப்படியே நிற்கும். அவர் ஆராய்ந்த சிப்பிகள் வேறு பாறையில் கிடைத்தவை; கண்ணாடி மாதிரி இறுகிப்போனவை. அமிலம் அவற்றை ஒன்றும் செய்யாது.

இந்தச் சிப்பிகளோ, கல்லும் சுண்ணாம்பு, ஓடும் சுண்ணாம்பு. ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய் ஒரு தரம் வெளிச்சத்தில் பார்த்திருந்தால் அம்மையாருக்கே சட்டென்று தெரிந்திருக்கும். ஆனால் சூழல் நேர்மைக் கொள்கைப்படி அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அதனால் தொட்டிகளையும் அமிலத்தையும் கூடத்துக்கே கொண்டுவந்தார்கள். கயிற்றைத் தாண்டித் தாண்டி, தடவித் தடவி, இருட்டிலேயே கற்களை ஊறவைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கூடம் முழுவதும் 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கூடவே, கல்லுக்குள் பழைய எண்ணெய் இருந்ததோ என்னவோ, லேசாக மண்ணெண்ணெய் வாடை.

இயக்குநர் ஓடிவந்தார். இருட்டில் அப்படியே நின்றுவிட்டார். "கேக்குதா? எல்லாருக்கும் கேக்குதா?" என்றார். "மீத்தேன்! கோடிக்கணக்கான வருஷமா உள்ள அடைபட்டிருந்த மூச்சு. நமக்காக வெளிய வருது."

துப்புரவு அக்கா வயர்மேனின் காதருகே குனிந்தாள். "எங்க வீட்டு பாத்ரூம் தரையில ஆசிட் ஊத்தினாலும் இப்படித்தான் மூச்சு விடும். டைல்ஸுக்கு நடுவுல பூசின சிமெண்டு போயே போயிடும்."

"பேசாம இருங்கக்கா" என்றார் வயர்மேன். அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, செயலாளர் வரும்போது ஒலிபெருக்கியில் போட வேண்டும் என்று இயக்குநர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கிக்கு ஒயர் இழுக்கிற வேலை வயர்மேன் தலையில் விழுந்தது. மின்சார வேலை செய்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று ஒரு பக்கம் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒயர் இழுக்கும்போதுதான் தெரிந்தது. அமிலத்தை வடித்துவிட்டு, தொட்டிகளை இருட்டிலேயே பெட்டிகளில் கவிழ்த்திருந்தார்கள்; கற்களை மறுபடியும் வைத்தாகிவிட்டது என்றார்கள். வயர்மேன் ஒரு பெட்டிக்குப் பின்னால் கை விட்டு ஒயரைத் தேடினார். கை எதிலோ புதைந்தது. குழைந்த சேறு. அடுத்த பெட்டியிலும் அதே. அதற்கு அடுத்ததில் ஈரத் தரை மட்டும். கூடம் முழுக்கத் தடவிப் பார்த்தார். சிப்பி என்று சொல்ல விரல்நகம் அளவுகூட ஒன்றும் கிடைக்கவில்லை. நேரே காப்பாட்சியர் அம்மையாரிடம் போய்ச் சொன்னார்.

அம்மையார் முகம் செத்துப்போயிற்று. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று வயர்மேனுக்கும் புரிந்தது. பாவமாகத்தான் இருந்தது.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"நல்லது. இங்க பாருங்க, இருட்டுல என்ன இருக்கு, என்ன இல்லைன்னு யாருக்குங்க தெரியும்? விளக்குப் போடாத வரைக்கும் ஒண்ணுமே ஆகல. உங்க வேலையே அதுதானே? அதை ஒழுங்காப் பாருங்க."

"என் வேலை விளக்குப் போடுறதும்மா" என்று சொல்ல வயர்மேனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வீட்டில் சுவரில் சாய்ந்து நிற்பவளின் முகம் நினைவுக்கு வந்தது. சொல்லாமல் வந்துவிட்டார். அன்றைக்கு மனைவி வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, "இனிமே போட்டாலும் கஷ்டம், போடாட்டியும் கஷ்டம்" என்றார். அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை, வலி பிடித்துக்கொண்டிருந்தது.

செயலாளர் வந்தார். மாலை, வரவேற்பு எல்லாம் வெளியே வெளிச்சத்தில் நடந்தன. உள்ளே அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார்த்தினார்கள். ஒலிபெருக்கியில் 'ஸ்ஸ்ஸ்ஸ்' ஓடியது. "இதோ உங்கள் வலப்பக்கம் ஒரு சிப்பிக் குடும்பம்" என்று இயக்குநர் விளக்கிக்கொண்டே போனார். செயலாளர் "ஆகா" என்றார். "அதோ, அந்த மூலையில், சிப்பிகளுக்குத் துணையாக வாழ்ந்த குழாய்ப் புழுக்கள்" என்றார் இயக்குநர். செயலாளர் "அடேயப்பா" என்றார். இருட்டு மூலையிலிருந்து ஒரு குறட்டை எழுந்தது. "அது?" என்று செயலாளர் கேட்டார். "அனுபவத்தில் ஆழ்ந்துபோன பார்வையாளர், சார்."

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் செயலாளர் எழுந்து, "ரொம்பப் பிரமாதம். இதுங்க பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாமே" என்றார்.

கொள்கையா, போட்டோவா என்று இயக்குநர் யோசித்தார். ரொம்ப நேரமெல்லாம் யோசிக்கவில்லை. "வயர்மேன்! விளக்கைப் போடுய்யா!" என்றார்.

காப்பாட்சியர் அம்மையார் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினாராம். பிறகு அவரே சொன்னது. இருட்டில் யார் கண்டார்கள்? வயர்மேன் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தகுதியுள்ள அதிகாரி முன்னிலையில் விளக்கு. நிரந்தரம், அட்டை, ஆபரேஷன். பெட்டிகளுக்குள்ளே சேறு. "காது கேக்கலையா?" என்று இயக்குநர் அதட்டினார். போட்டுவிட்டார்.

ஒரு பல்புகூடக் கண் சிமிட்டவில்லை. அத்தனையும் சீராக எரிந்தன. அவ்வளவு வெளிச்சத்தில், கழுவிவிட்ட மாதிரி, வரிசையாகக் காலிப் பெட்டிகள். அடியில் சாம்பல் நிறச் சேறு, மேலே பெயர்ப் பலகை. தரையில் ஆட்டோ ஓட்டுநர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, "யோவ், எவன்யா லைட்டைப் போட்டது?" என்றார்கள்.

செயலாளர் பெட்டிகளைப் பார்த்தார். அம்மையார் தரையைப் பார்த்தார். இயக்குநர் மட்டும் வயர்மேனைப் பார்த்தார்.

"பார்த்தீங்களா சார்! கண்ணு முன்னாடியே! எவ்வளவு சொன்னேன், அதுங்க வெளிச்சம் தாங்காதுன்னு. ஒரு நொடி! கரைஞ்சு போயிடுச்சு சார்!"

செயலாளர் கொஞ்சம் திகைத்தார். போட்டோ கேட்டது யார் என்பது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்கும். மெதுவாகத் தலையை ஆட்டினார். "ஆமாமா. நானே பார்த்தேன். வெள்ளையா, ஒரு புகை மாதிரி எழும்பிப் போச்சு."

செயலாளர் பார்த்த பிறகு மற்றவர்கள் பார்க்காமல் இருப்பார்களா? நிர்வாக அதிகாரி புகையைப் பார்த்தார். காவலர்கள் பார்த்தார்கள். காப்பாட்சியர் அம்மையாரும், மூச்சை ஒருமுறை இழுத்து விட்டுக்கொண்டு, பார்த்தார்.

யார் மேலாவது நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும்; செயலாளர் கண் முன்னால் நடந்ததாயிற்றே. வயர்மேன்தான் என்பதில் சிக்கல் இல்லை. சிக்கல் விதியில் இருந்தது. தற்காலிக ஊழியரை வீட்டுக்குத்தான் அனுப்பலாம். விசாரணை, தற்காலிகப் பணிநீக்கம் எல்லாம் நிரந்தர ஊழியருக்கு மட்டும் உள்ள உரிமை. நல்லவேளையாக, விளக்குகள் தகுதியுள்ள அதிகாரி முன்னிலையில் எரிந்துவிட்டன, பணி நிறைவு. எனவே காலையில் வயர்மேனை நிரந்தரம் ஆக்கினார்கள். மத்தியானம் சஸ்பெண்ட் செய்தார்கள். இரண்டு ஆணையிலும் நிர்வாக அதிகாரி ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டார். ஒன்றைக் கொடுக்கும்போது கை குலுக்கினார்.

"நிரந்தரம் ஆயிட்டேன்" என்றார் வயர்மேன், வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியபடி.

"நிஜமாவா?" மனைவிக்கு நம்ப முடியவில்லை. "அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"சஸ்பெண்டும் ஆயிட்டேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது தற்காலிகமா, அதுவும் நிரந்தரமா?"

விசாரணை நடந்தது. நிர்வாக அதிகாரிதான் விசாரித்தார். வயர்மேன் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது என்று போயிருந்தார்.

"சார், நான் லைட்டு போடுறதுக்கு முன்னாடியே பெட்டியில ஒண்ணும் இல்ல சார். ஆசிட்ல எல்லாம் கரைஞ்சு போச்சு."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"இருட்டுல எப்படிப் பார்த்தீங்க? டார்ச் அடிச்சீங்களா? அப்ப, அனுமதி இல்லாம ஏற்கெனவே ஒரு தடவை வெளிச்சம் உள்ள போயிருக்கு. எழுதிக்கிறேன்."

"ஐயோ, டார்ச் இல்ல சார். தொட்டுப் பார்த்தேன்."

"காட்சிப் பொருளைத் தொடக் கூடாதுன்னு பலகை இருக்கே?"

"அது இருட்டுல தெரியல சார்."

"கூடத்துல இருட்டுன்னு புகார் சொல்றீங்க. அது கொள்கை. அதையும் எழுதிக்கிறேன்." எழுதிக்கொண்டார். "ஆக, நீங்க பார்த்திருந்தா, அதுவே குற்றம். தொட்டிருந்தா, அதுவும் குற்றம். ரெண்டும் செய்யலைன்னா, பெட்டியில ஒண்ணும் இல்லைன்னு சொல்றதுக்கு உங்ககிட்ட ஆதாரம் இல்ல. எது வேணும், சொல்லுங்க."

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் குரலைத் தணித்தார். உண்மையிலேயே அன்பாகத்தான் பேசினார்.

"இத பாருங்க. உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். சஸ்பெண்ட்ல இருக்கிறவருக்கும் மருத்துவ அட்டை உண்டு. விசாரணை முடியாத வரைக்கும் நீங்க எங்க ஆளுதான். முடியாம பார்த்துக்கிறது என் பொறுப்பு. இங்க எதையும் முடிக்காம வெக்கிறதுல எனக்கு நல்ல பேரு. வெளிச்சம் பட்டதாலதான் கல்லு கரைஞ்சுதுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்களுக்கும் நல்லது, அந்தம்மாவுக்கும் நல்லது, இயக்குநருக்கும் நல்லது."

"எலக்ட்ரீஷியன் சார் நான். லைட்டு பட்டுக் கல்லு கரையும்னு எப்படி சார் எழுதுவேன்? வெளிய சொன்னா சிரிப்பாங்க சார்."

"வெளிய ஏன் சொல்றீங்க?"

வயர்மேன் அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மனைவி சமையல்கட்டுத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது. தண்ணீர் கொடுத்தார், குடித்ததை வாந்தி எடுத்தாள். "ஒண்ணும் இல்ல, போயிடும்" என்றாள். கண் ஓரமாக நீர் வழிந்துகொண்டிருந்தது. வயர்மேன் சட்டையைக்கூட மாற்றாமல் திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். 'வெளிச்சம் பட்டால் கல் கரையும் என்பதை நான் என் அனுபவத்தில் கண்டறிந்தேன்' என்று வாசகத்தை அதிகாரியே கொஞ்சம் அழகுபடுத்தியிருந்தார்.

அட்டை வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், குறை சொல்லக் கூடாது. ஆபரேஷனுக்கு நாள் குறித்து, டாக்டர் சீட்டையும் அட்டையையும் சேர்த்து வயர்மேன் மருத்துவப் பிரிவில் கொடுத்தார். அங்கே இருந்த எழுத்தர் பண்பான மனிதர். உட்காரச் சொன்னார். கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"கல்லுக்கா ஆபரேஷன்?"

"ஆமா சார். பித்தப்பையில."

"இது நீங்க போட்ட கையெழுத்துதானே?"

வயர்மேன் எட்டிப் பார்த்தார். தன்னுடைய வாக்குமூலம். "ஆமா சார். அது வேற விஷயம் சார்."

"கோப்பு ஒண்ணுதானே? வெளிச்சம் பட்டா கல்லு கரையும்னு நீங்களே கண்டறிஞ்சிருக்கீங்க. நிறுவனம் ஏத்துக்கிட்டிருக்கு. செயலாளரே சாட்சி. இப்ப அதே நிறுவனம் கல்லை எடுக்க ஆபரேஷனுக்கு அனுமதி குடுத்தா, ரெண்டுல ஒண்ணு பொய்யின்னு தணிக்கையில கேப்பாங்களே?"

"சார், அது கடல் கல்லு. இது மனுஷங்க வயித்துல வர்ற கல்லு."

"அதத்தான் நானும் யோசிச்சேன். அது கோடிக்கணக்கான வருஷம் இறுகின கல்லு. அதுவே ஒரு நொடியில கரைஞ்சிருக்கு. உங்க வீட்டம்மாவுது நேத்து வந்த கல்லுதானே?"

"வயித்துக்குள்ள இருட்டு சார். அங்க எப்படி வெளிச்சம் போகும்?"

"முயற்சியே பண்ணாம சொல்லாதீங்க. நாங்க மறுக்கல. எளிய வழி இருக்கும்போது அறுவைக்கு அனுமதிக்க விதி இல்ல, அவ்வளவுதான். கொஞ்ச நாள் வெயில்ல உட்காரச் சொல்லுங்க. கரையலைன்னா எழுதிக் குடுங்க. ஆனா அப்படி எழுதினா, முன்னாடி எழுதினது பொய்யாயிடும். அதையும் யோசிச்சுக்குங்க."

வயர்மேன் அலுவலகப் படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கோபம் வர வேண்டிய இடம்தான், வந்து சேரவில்லை. எழுந்து நடந்தார். வழியெல்லாம் நல்ல வெயில்.

மனைவி பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகத் தயாராகத் தலைவாரி உட்கார்ந்திருந்தாள். இடது கையால் விலாவை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

வயர்மேன் சொன்னார். ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல், எழுத்தர் சொன்னது, தான் சொன்னது, கையெழுத்து, எல்லாவற்றையும் சொன்னார். அவர் எதிர்பார்த்த மாதிரி அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. பையை நகர்த்தி வைத்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு கையாலேயே இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டு, வலியோடு மெதுவாக உட்கார்ந்தாள். முகத்துக்கு நேரே வெயில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தப் பக்கமாத் திரும்பி உக்காரணும்னு கேட்டீங்களா?"

"அதைக் கேக்கலையே" என்றார் வயர்மேன்.

"போய்க் கேட்டுட்டு வாங்க. தப்பான பக்கம் உக்காந்துட்டா, அதுக்கும் உங்க மேலதான் விசாரணை வெப்பாங்க."